முட்டினால் வழி திறக்குமா?

வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கக் காற்பந்து

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அமெரிக்கக் காற்பந்து லீகான என்.எஃப்.எல். பார்க்கிற வாசகர்கள் இந்த முறை ஒரே புகாரை வேறுவேறு கோபத்தில் எழுதியிருக்கிறார்கள். தங்கள் அணி, பந்தை எறியாமல் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற ரன்னிங் கேமை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு தோற்கிறதாம். கடிதங்களில் இருந்த அணிப் பெயர்களை எடுத்துவிட்டோம். எந்த அணிக்கும் இந்தப் பதில்கள் பொருந்தும், அதுதான் வருத்தம். புதியவர்களுக்கு ஒரு வரி: 10 யார்டு முன்னேற நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன்; முடியாது என்று பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவது பன்ட்.

கேள்வி (செம்பனை ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்): முதல் டவுனில் நடுவில் ஒரு ரன், 2 யார்டு. இரண்டாவதில் அதே நடுவில் இன்னொரு ரன், 1 யார்டு. மூன்றாவதில் 7 யார்டு வேண்டும் என்று பாஸ் போடுவார்கள், அது தரையில் விழும், உடனே பன்ட். அடுத்த முறை பந்து கைக்கு வந்தாலும் இதே கதைதான். என் வீட்டுச் சின்னப் பையன்கூட அடுத்து என்ன வரும் என்று சொல்லிவிடுகிறான். கோச்சுக்குத் தெரியாதா?

பதில்: தெரியும். ஆனால் அவர் பயப்படுகிற விஷயம் வேறு. அதற்கு முன்னால் ஆள் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் அணி முட்டிக்கொண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

தாக்குகிற அணியில் 11 பேர். பந்தை எடுத்துக் கொடுக்கிற குவார்ட்டர்பேக், வாங்கி ஓடுகிற ரன்னிங் பேக், இந்த இரண்டு பேரும் யாரையும் தடுப்பதில்லை. பாஸ் பிடிக்கிற மூன்று ரிசீவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். நடுவில் தடுக்க மிஞ்சுவது 6 பேர்: சென்டர், இரண்டு கார்டு, இரண்டு டேக்கிள், ஒரு டைட் எண்ட். ஆறு பேர் வரிசையாக நின்றால் அவர்களுக்கு இடையிலும் இரு ஓரங்களிலுமாக 7 சந்து இருக்கும். எதிரணி அந்தச் சந்துகளுக்கு நேராக, பந்து வைத்திருக்கிற கோட்டிலிருந்து சுமார் 5 யார்டு ஆழத்துக்குள் எத்தனை பேரை நிறுத்துகிறது என்பதைத்தான் ‘பாக்ஸ்’ என்கிறார்கள்.

பாக்ஸில் 6 பேர் நின்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு தடுப்பாளர் இருக்கிறார், ஒரு சந்து காலியாக இருக்கிறது. அப்போது ஓடலாம். 7 பேர் நின்றால் சந்துக்கு ஒருவர், தடுக்க ஆள் இல்லாமல் ஒருவர் மிஞ்சுவார். அந்த ஒருவரை ரன்னிங் பேக் தானே ஏமாற்ற வேண்டும். நல்ல ஆட்டக்காரர் சில நேரம் செய்வார். 8 பேர் நின்றால் இருவர் சும்மா காத்திருக்கிறார்கள். அங்கே கொண்டுபோய்ப் பந்தைக் கொடுப்பது, மட்டை அடுக்கிய நிரையில் குலை வண்டியைத் தள்ளுகிற மாதிரி. பக்கத்து நிரை வெட்டவெளியாகத்தான் கிடக்கும், வண்டி இங்கே சிக்கி நிற்கும்.

இன்னொரு டைட் எண்டைக் கொண்டுவந்தால் தடுக்க 7 பேர் ஆகிவிடுவார்களே என்று கேட்பீர்கள். ஆவார்கள். ஆனால் அவரோடு ஒரு சந்தும் கூடுகிறது, எதிரணியும் ஓரத்திலிருந்து ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கணக்கு பழைய இடத்திலேயே நிற்கும். பாரமான ஆட்களை நிறுத்தி ‘இப்போது முட்டப்போகிறோம்’ என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு முட்டினால் 2 யார்டுதான் கிடைக்கும்.

ஆள் கணக்கு சரியாக இருந்தும் ஓட்டம் சாகிற இடம் ஒன்று உண்டு. எதிரணியின் டிஃபென்சிவ் டேக்கிள் 140 கிலோ இருப்பார். அவரைச் சென்டரும் கார்டும் சேர்ந்து தள்ளுவார்கள், பிறகு இருவரில் ஒருவர் கழன்று பின்னால் நிற்கிற லைன்பேக்கரிடம் போக வேண்டும். எப்போது கழலுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் கழன்றால் அந்த 140 கிலோ, மிஞ்சியிருக்கிற ஒருவரின் தோளைத் தாண்டி ரன்னிங் பேக்கின் மடியிலேயே வந்து விழும். தாமதமாகக் கழன்றால் லைன்பேக்கர் அதற்குள் சந்தை அடைத்திருப்பார். டிவியில் மெதுவாகத் திருப்பிப் போடும்போது பந்தை விட்டுவிட்டு இந்த இருவரின் இடுப்பைப் பாருங்கள். இரண்டு இடுப்பும் ஒட்டியிருந்து, டேக்கிள் ஒரு அடியாவது பின்னால் போன பிறகு ஒருவர் கழன்றால் அது நல்ல தடுப்பு. இடுப்புகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் ஓட்டம் முடிந்தது.

இனி கோச்சின் பயம். பாஸ் எதிரணி கையில் பிடிபட்டால், குவார்ட்டர்பேக் அடிபட்டால், மறுநாள் எல்லோரும் கோச்சைத்தான் கேட்பார்கள். ரன் 2 யார்டோடு நின்றால் யாரும் கேட்பதில்லை, உங்களைப் போன்றவர்களைத் தவிர. முதல் டவுன் பாஸ் விழுந்து இரண்டாவது டவுனில் 10 யார்டு என்று நிற்கும்போது, ‘கொஞ்சம் பக்கத்தில் போய்விடலாம்’ என்று ஓடுவதும் இதே பயம்தான். வழக்கமான ஓட்டம் 4 யார்டு கொடுத்தாலும் மூன்றாவது டவுனில் 6 யார்டு மிச்சம் இருக்கும். எதிரணி பாஸுக்கென்றே ஆட்களை மாற்றிக்கொண்டு வரும். ஒரு டவுனைச் செலவழித்து வாங்கியது அவ்வளவுதான்.

திருத்த நினைக்கிற கோச் செய்யக்கூடியவை பல. ரிசீவர்களை நன்றாக அகலமாக நிறுத்தி எதிரணி ஆட்களைப் பாக்ஸிலிருந்து வெளியே இழுக்கலாம். ஸ்நாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னே கொடுப்பதற்கு) முன் ஒரு ரிசீவரைக் குறுக்கே ஓடவிட்டால் எதிரணியும் யாரையாவது நகர்த்தும், அப்போது யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்பது வெளியே வந்துவிடும். எதிரணியின் ஓரத்து எண்டை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டு, அவர் உள்ளே வந்தால் குவார்ட்டர்பேக் தானே பந்தை வைத்துக்கொண்டு ஓடலாம். தடுக்காத ஆளைக் கண்ணாலேயே தடுக்கிற வித்தை இது, குவார்ட்டர்பேக்குக்குக் கால் இருக்க வேண்டும். கால் இல்லாதவருக்கு ஆர்.பி.ஓ. இருக்கிறது: லைன்மேன்கள் ரன்னுக்குத் தடுப்பார்கள், குவார்ட்டர்பேக் ஒரு லைன்பேக்கரைப் பார்ப்பார். அவர் முன்னே வந்தால் அவர் விட்டுப்போன இடத்துக்குக் குட்டைப் பாஸ், நின்றால் ரன். என்.எஃப்.எல். விதிப்படி பாஸ் கையை விட்டுப் போகும்போது லைன்மேன்கள் கோட்டைத் தாண்டி 1 யார்டுக்கு மேல் போயிருக்கக் கூடாது, கல்லூரி ஆட்டத்தில் 3 யார்டு. அதனால்தான் கல்லூரியில் சர்க்கரையாக இனிக்கிற ஆர்.பி.ஓ. இங்கே அடிக்கடி தண்டனைக் கொடி வாங்குகிறது.

கேள்வி (மாமாக் கடையில் கூட்டாக எழுதிய நால்வர்): எங்கள் ரன்னிங் பேக்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று இருவர் சொல்கிறோம், தடுக்கிற லைன்தான் குப்பை என்று இருவர் சொல்கிறோம். யார் சொல்வது சரி? தே தாரிக் பந்தயம் இருக்கிறது.

பதில்: லைன் கட்சிக்கு முக்கால் கோப்பை, மிச்சம் மற்றவர்களுக்கு.

ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் கை எங்கே படுகிறது என்று பாருங்கள். கோட்டுக்குப் பின்னாலோ கோட்டிலேயோ பட்டால் அது தடுப்பின் குற்றம், அல்லது ஆள் கணக்கின் குற்றம். மூன்று நான்கு யார்டு தாண்டிய பிறகு ஒரே ஒருவர் பிடித்து விழுத்தினால் அங்கேதான் ரன்னிங் பேக்கின் தரம் தெரியும்.

ரன்னிங் பேக் சேகுவான் பார்க்லி 2024 பருவத்தில் 2,005 யார்டு ஓடினார். அவருடைய ஈகிள்ஸ் அணி 2025 பிப்ரவரியில் ஆடிய இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் அவருக்கு 25 முறை பந்தைக் கொடுத்தது, கிடைத்தது 57 யார்டு. ஒரு ஓட்டத்துக்கு இரண்டேகால். ஆள் அதே ஆள், லைனும் அதே லைன். சீஃப்ஸ் அணி அவரை நிறுத்துவதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டது. ஈகிள்ஸ் அதற்காக அழவில்லை. குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 22 பாஸில் 17 முடித்து 221 யார்டு எடுத்தார், 40–22 என்று ஈகிள்ஸ் ஜெயித்தது. உங்கள் அணிக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இங்கேதான். ஓட்டத்தை அடைக்க எதிரணி கொடுத்த விலையை ஈகிள்ஸ் வேறு இடத்தில் வசூலித்தது.

பழைய ஆட்டங்களைப் பார்ப்பவர்களுக்கு ரன்னிங் பேக் பேரி சாண்டர்ஸ் நினைவிருக்கும். 1997-இல் 2,053 யார்டு, ஓட்டத்துக்குச் சராசரி 6.1. அவரும் பின்னால் பிடிபட்டு யார்டு இழந்தது நிறைய. அவருக்குச் சந்தே தேவையில்லை என்று அப்போது பேசுவார்கள். அப்படி ஒருவர் தலைமுறைக்கு ஒருமுறை வருவார், அவரை நம்பித் திட்டம் போட முடியாது.

கேள்வி: வர்ணனையாளர்கள் எப்போதும் ‘முதலில் ரன்னை நிலைநாட்ட வேண்டும், அப்போதுதான் ஓடுவதுபோல் நடித்துப் பாஸ் போடுகிற பிளே ஆக்‌ஷன் வேலை செய்யும்’ என்கிறார்கள். 30 முறை ஓடுகிற அணிகள்தான் ஜெயிக்கின்றன என்று புள்ளிவிவரமும் காட்டுகிறார்கள். உண்மையா?

பதில்: இரண்டாவதை முதலில் பார்ப்போம். 30 முறை ஓடியதால் ஜெயிக்கவில்லை, ஜெயித்துக்கொண்டிருந்ததால் 30 முறை ஓடினார்கள். முன்னணியில் இருக்கிற அணி நான்காவது குவார்ட்டரில் கடிகாரத்தை ஓட்ட ரன் மேல் ரன் போடும். கடைசியில் குவார்ட்டர்பேக் முழங்காலைத் தரையில் வைப்பதுகூட ரன் கணக்கில்தான் ஏறும். மழை பெய்தால் குடை விரிகிறது. குடை விரித்ததால் மழை வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

பிளே ஆக்‌ஷன் விஷயமும் அப்படித்தான். அன்றைக்கு ரன் நன்றாகப் போனதா இல்லையா என்பதற்கும் பிளே ஆக்‌ஷன் பாஸில் கிடைக்கிற யார்டுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றே கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். காரணம் எளிது. லைன்பேக்கர் ஸ்கோர்போர்டைப் பார்த்து ஆடுவதில்லை, தனக்கு நேரே நிற்கிற கார்டைப் பார்த்து ஆடுகிறார். கார்டின் தலை தாழ்ந்து முன்னே வந்தால் ரன். நிமிர்ந்து பின்னே போனால் பாஸ். பக்கவாட்டில் ஓடினால் அந்தத் திசையில் ரன். சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம், அரை நொடியில் கால் நகர்ந்துவிடும். ஓட்டம் முன்பு 1 யார்டு கொடுத்ததா 9 யார்டு கொடுத்ததா என்று அந்த அரை நொடியில் யார் யோசிப்பது?

எனவே பிளே ஆக்‌ஷன் கெடுவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, லைன்மேன்கள் சோம்பேறித்தனமாக நிமிர்ந்து நின்றுகொண்டே நடிப்பது. குவார்ட்டர்பேக் எவ்வளவு அழகாகப் பந்தைக் காட்டி மறைத்தாலும் கார்டின் தலை பொய் சொல்லாது. இரண்டாவது, மூன்றாவது டவுன் 10 யார்டில் ஓடுகிற மாதிரி நடிப்பது. அங்கே யாரும் நம்ப மாட்டார்கள். நல்ல இடம் முதல் டவுன்தான். லைன்பேக்கர் முன்னே வைக்கிற இரண்டு எட்டும் அவருக்குப் பின்னால் 10, 15 யார்டில் திறக்கிற இடமும் ஒன்றுக்கொன்று ஈடு.

கேள்வி (ஓய்வுபெற்ற வாசகர்): ஞாயிறு ஆட்டம் நமக்கு எத்தனை மணிக்கு? ஒவ்வொரு ஆண்டும் நவம்பரில் குழம்பிப் போகிறேன்.

பதில்: அமெரிக்கக் கிழக்குக் கரை ஞாயிறு பிற்பகல் 1 மணி ஆட்டம் நமக்குத் திங்கள் விடியற்காலை 1 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவதால் அன்று முதல் 2 மணி. திங்கள் இரவு ஆட்டம் நமக்குச் செவ்வாய் காலை 8.15, அந்த மாற்றத்துக்குப் பிறகு 9.15. சூப்பர் பவுல் திங்கள் காலை 7.30. பசியாறிக்கொண்டே பார்க்கலாம்.

கேள்வி: என் மச்சான் ‘ரன்னே வேண்டாம், எல்லாம் பாஸ் போடு’ என்கிறார். அது சரியா?

பதில்: உங்கள் மச்சானிடம் 2017 பிப்ரவரி சூப்பர் பவுலைப் போட்டுக் காட்டுங்கள். ஃபால்கன்ஸ் 28–3 என்று முன்னணியில் இருந்தது. பேட்ரியட்ஸ் விரட்டி வந்து 28–20 ஆக்கியிருந்தபோது, ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில், ஃபால்கன்ஸுக்கு எதிரணியின் 22 யார்டு கோட்டில் முதல் டவுன் கிடைத்தது. மூன்று முறை நடுவில் முட்டி, ஒரு யார்டுகூட எடுக்காமல், 40 யார்டுக்குள் ஒரு ஃபீல்ட் கோல் (உதைத்து எடுக்கிற 3 புள்ளி) அடித்திருந்தால் 31–20. நடந்ததோ வேறு. ஒரு ஓட்டம் 1 யார்டு பின்னே போனது. அடுத்து பாஸ் போடப்போய் குவார்ட்டர்பேக் சேக் (எறியுமுன்பே பிடிபட்டு விழுந்தார்), 12 யார்டு போச்சு. அதற்கடுத்து ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து வைத்த குற்றம்), இன்னும் 10 யார்டு. ஃபீல்ட் கோல் தூரமே கைவிட்டுப் போய் பன்ட் அடித்தார்கள். பேட்ரியட்ஸ் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 34–28 என்று ஜெயித்தது. அந்த இடத்தில் ‘பயனில்லாத’ ரன்தான் சரியான ரன்.

கடிகாரக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். ஆட்டக்காரர் பக்கக் கோட்டுக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த ஸ்நாப்புக்கு 40 நொடி அவகாசம். ஒரு ஓட்டத்துக்கு நான்கைந்து நொடி சேர்த்தால் ஒரு டவுன் சுமார் 45 நொடியைத் தின்னும். எதிரணியிடம் டைம் அவுட் இல்லையென்றால் மூன்று டவுனில் இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். தரையில் விழுகிற ஒரு பாஸ் அதே கடிகாரத்தை நிறுத்திக் கொடுத்துவிடும்.

இதற்கு நேர் எதிரான ஆட்டமும் உண்டு. 2015 சூப்பர் பவுல், சீஹாக்ஸ் 1 யார்டு கோட்டில், இரண்டாவது டவுன், 26 நொடி மிச்சம், 28–24 என்று பின்தங்கியிருந்தது. ரன்னிங் பேக் மார்ஷான் லின்ச் பின்னால் நிற்கிறார். பாஸ் போட்டார்கள், எதிரணியின் மால்கம் பட்லர் பிடித்துவிட்டார். உலகமே ‘ஏன் ஓடவில்லை’ என்று கேட்டது. ஆனால் சீஹாக்ஸிடம் ஒரே ஒரு டைம் அவுட்தான் இருந்தது. ஓடி நின்றிருந்தால் அது அப்போதே போயிருக்கும். விழுந்த பாஸ் கடிகாரத்தை இலவசமாக நிறுத்தியிருக்கும், மீதி இரண்டு டவுனிலும் ஓட இடம் இருந்திருக்கும். திட்டம் முட்டாள்தனமானது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கோட்டுக்குள் கூட்டத்தின் நடுவே போட்ட அந்தக் குறிப்பிட்ட பாஸ்தான் வம்பு.

மற்றபடி ரன் தேவைப்படுகிற இடங்கள்: 1 யார்டு, 2 யார்டு மிச்சம் இருக்கும்போது, பாக்ஸில் 6 பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது. இப்போது பல அணிகள் கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்தி ‘ஓடித்தான் பாரேன்’ என்று கூப்பிடுகின்றன. கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். கூப்பிடாதபோது போவதுதான் பிடிவாதம்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): சராசரி 4.5 யார்டு என்று திரையில் காட்டுகிறார்கள், ஆனால் பார்க்கும்போது எதுவும் நகர்ந்த மாதிரி இல்லை. எப்படிக் கணக்கு வைப்பது?

பதில்: உங்கள் கண் சொல்வது சரியாக இருக்கலாம். பத்து ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1, 2, 0, 3, 1, 2, 45, –1, 2, 5. கூட்டினால் 60, சராசரி 6 யார்டு. பிரமாதம்! ஆனால் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 2 யார்டு. ஒரு 45 மற்ற ஒன்பதின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

ஒரு கோடு போட்ட பயிற்சிப் புத்தகம் போதும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி: எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு தேவை, பாக்ஸில் எத்தனை பேர், கிடைத்தது எத்தனை, முதல் கை எங்கே பட்டது. கடைசியில் ஒரு டிக் அல்லது பெருக்கல் குறி. முதல் டவுனில் தேவையில் 40 விழுக்காடு, அதாவது 10-க்கு 4 கிடைத்தால் டிக். இரண்டாவது டவுனில் மிச்சத்தில் 60 விழுக்காடு. மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுதும் கிடைத்தால்தான் டிக். குவார்ட்டர்பேக் பாஸ் போட வந்து தப்பித்து ஓடியதை இதில் சேர்க்காதீர்கள், முழங்கால் போட்டதையும் சேர்க்காதீர்கள். நான்காவது குவார்ட்டரில் 17 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டால் பேனாவை மூடிவிடலாம்.

பாக்ஸை எண்ணத் திரையில் இரண்டு மூன்று நொடிதான் கிடைக்கும். நடுவிலிருந்து வெளியே எண்ணாமல் இடமிருந்து வலமாக எண்ணுங்கள், தப்பாது. நான்கு ஆட்டம் எழுதிய பிறகு 6 பேர் பாக்ஸ் ஓட்டங்களையும் 8 பேர் பாக்ஸ் ஓட்டங்களையும் தனித்தனியே பிரியுங்கள். 6-இல் டிக் நிறைய, 8-இல் பெருக்கல் நிறைய என்றால் கோளாறு ஆட்டத்தை அழைக்கிறவரிடம். 6 பேருக்கு எதிரேயும் பெருக்கலாகவே விழுந்தால் கோச்சைத் திட்டிப் பயனில்லை, லைனில் யாரோ ஒருவருக்குத் தெம்பு போதவில்லை.

கேள்வி (அதே ஆசிரியை): ஃபிளாக் காற்பந்து 2028 ஒலிம்பிக்கில் வருகிறதாமே. எங்கள் பள்ளித் திடலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? அதிலும் ரன் இப்படித்தான் சிக்குமா?

பதில்: இன்னும் மோசமாகச் சிக்கும். அணிக்கு 5 பேர் ஆடுகிற அந்த ஆட்டத்தில் உடலால் தடுக்கவே கூடாது. இடுப்பில் கட்டிய கொடியைப் பிடுங்க வருகிறவர் முன்னால் சுவராக நிற்க ஆள் இல்லை, எனவே நடுவில் கொடுத்து ஓடச் சொன்னால் ஓடுகிற பிள்ளை நேரே போய் இரண்டு பேர் கையில் மாட்டும். ஓட்டம் வேண்டுமென்றால் ஸ்நாப்புக்கு முன்பே பக்கவாட்டில் ஓடத் தொடங்கிய பிள்ளைக்குப் பந்தைக் கொடுங்கள். ஓரத்தில் ஒரே ஒருவரைத்தான் ஏய்க்க வேண்டியிருக்கும். குவார்ட்டர்பேக் தானே கோட்டைத் தாண்டி ஓடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வேகமான பிள்ளை எல்லாவற்றையும் தானே ஓடி ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

ஆடுகளம் 50 யார்டு நீளம், 25 யார்டு அகலம், இரு முனையிலும் 10 யார்டு எண்ட் சோன். மீட்டரில் மொத்தம் 64-க்கு 23. முழு அளவு வழக்கமான காற்பந்து (சாக்கர்) திடலில் குறுக்குவாட்டில் பக்கம் பக்கமாகப் பல களம் போடலாம். சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன் அகலத்தை ஒருமுறை அளந்து பாருங்கள், 64 மீட்டர் அகலம் இல்லாத பள்ளித் திடல்கள் உண்டு. குவார்ட்டர்பேக்கின் கொடியைப் பிடுங்க ஓடி வருகிற ஆள் கோட்டிலிருந்து 7 யார்டு, அதாவது 6.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு ஜோடி சப்பாத்தை வைத்துவிட்டால் போதும், பிள்ளைகள் ஏமாற்ற முடியாது.